எச்சில் ஊறுவதும் கவளம் இறங்குவதும்



இந்த இதழின் நலவாழ்வுப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் எச்சில். பேரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். ‘எச்சில் பண்ணாதே’, ‘எச்சில் கையோட தொடாதே’ என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த எச்சில் ஒரு நாள் ஊறாமல் போனால் ஒரு வாய் சோறுகூட உள்ளே இறங்காது.

இதைப் பாடமாக வைக்க ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் மற்றவருக்கு ஊட்டிவிடுகிற வேலை பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. பால் குடிக்கிற குழந்தைக்கு நாம், படுத்த படுக்கையாக இருக்கிற மாமியாருக்கு நாம், பக்கவாதம் வந்த வீட்டுக்காரருக்கும் நாம். எப்படிச் சமைப்பது என்று நமக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது. ஊட்டின கவளம் உள்ளே எப்படிப் போகிறது, எங்கே வழி தவறும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வழி தவறினால் நிமோனியா வரும், சில நேரம் உயிரே போகும்.

பாடம் முழுக்க மூன்று சொல் திரும்பத் திரும்ப வரும்: வாயில் ஈரம், நிமிர்ந்த உடம்பு, போதுமான நேரம். இந்த மூன்றும் இருந்தால் கவளம் சரியாக இறங்கும்.

எச்சில் எங்கே ஊறுகிறது?

நம் வாயைச் சுற்றி மூன்று சோடி பெரிய எச்சில் சுரப்பிகள் இருக்கின்றன.

1. காதடிச் சுரப்பி: காதுக்கு முன்பக்கம், கன்னத்தின் மேல்பகுதியில் இருக்கிறது. மூன்றிலும் பெரியது இதுதான். பிள்ளைகளுக்கு புட்டாளம்மை (பொன்னுக்கு வீங்கி) வந்தால் வீங்குவது இந்தச் சுரப்பிதான். இதிலிருந்து வரும் குழாய், மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உள்பக்கம் திறக்கிறது.

2. தாடையடிச் சுரப்பி: கீழ்த் தாடை எலும்புக்கு உட்புறம் இருக்கிறது. நாம் சும்மா இருக்கும்போது வாயை நனைத்து வைப்பது பெரும்பாலும் இதுதான்.

3. நாக்கடிச் சுரப்பி: நாக்குக்குக் கீழே இருக்கிறது. கொஞ்சம் கொழகொழப்பான எச்சிலைக் கொடுக்கிறது.

இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கின்றன. அத்தனையையும் நாம் விழுங்கிக்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

செய்து பாருங்கள்: கண்ணை மூடிக்கொண்டு, உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தையை நினையுங்கள். நினைத்த உடனே காதுக்குக் கீழே ஒரு சுரீர், வாயில் தண்ணி. மாங்காய் வாய்க்கு வரவே இல்லை, நினைப்புதான் வந்தது. ரஷ்ய நாட்டு விஞ்ஞானி இவான் பாவ்லவ் நாய்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். சாப்பாட்டோடு சேர்த்துப் பழகிய ஓர் ஓசையைக் கேட்டாலே, சாப்பாடு வராதபோதும் நாய்க்கு எச்சில் ஊறியது. உணவு செரிப்பது பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? எச்சிலுக்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. பயம் வந்தால் மூளை அந்த உத்தரவை நிறுத்திவிடும். முதல் தடவை கடன் கேட்டு வங்கி மேலாளர் முன்னால் நின்றபோது நம்மில் எத்தனை பேருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது! அது கூச்சத்தால் மட்டும் வந்ததில்லை, சுரப்பி கதவை மூடிவிட்டது. வயசானவரை அதட்டி, “சீக்கிரம் முழுங்கு” என்று மிரட்டி ஊட்டினாலும் இதேதான் நடக்கும். வாய் காயும், சோறு இறங்காது.

நெம்மேலி ஆலையும் நம் வாய்க்குள் ஓர் ஆலையும்

நெம்மேலி கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருப்பது நமக்குத் தெரியும். 2013-ல் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையம் திறக்கப்பட்டது. 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் தரும் இன்னொரு நிலையம் வந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பெரிய அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகளின் வழியே தள்ளுகிறார்கள். நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போகும், உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும்.

நம் எச்சில் சுரப்பியும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குக் கச்சாப்பொருள் ரத்தம். ரத்தத்திலிருந்து நீரை எடுத்துச் சுரப்பி முதலில் உண்டாக்கும் எச்சில், ரத்தத்தைப் போலவே உப்புக் கரிக்கும். அந்த நீர் சின்னக் குழாய்களின் வழியாக வாய்க்கு வரும்போது, குழாயின் சுவர் உப்பைப் பிடித்து உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. தண்ணீரை மட்டும் விட்டுவிடுகிறது. ஆலை, உப்பிலிருந்து தண்ணீரைப் பிரித்து எடுக்கிறது. சுரப்பி, தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்கிறது. வழி வேறு, வேலை ஒன்றுதான்.

இதனால் என்ன லாபம்? வாயில் எப்போதும் உப்பு குறைந்த நீர் இருப்பதால்தான் குழம்பில் ஒரு கல் உப்பு கூடினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது. எச்சிலே உப்பாக இருந்தால் சமையலில் உப்புப் பார்க்கவே முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல்நீர் வராவிட்டால் ஆலை ஓடாது. உடம்பில் தண்ணீர் இல்லாவிட்டால் சுரப்பியும் ஓடாது. வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போகிறோம், கடற்கரையில் மீன் காய வைக்கிறோம், கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை என்பதால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுகிறோம். சாயங்காலம் வாய் பிசுபிசுவென்று ஒட்டினால், உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

எச்சில் செய்யும் வேலைகள்

எச்சிலில் 100-க்கு 99 பங்கு தண்ணீர்தான். மீதி ஒரு பங்கில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது.

* சோற்றை நனைத்து, குழைத்து, வழுக்கும் உருண்டையாக்குகிறது. 
* மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. இதைச் செய்யும் பொருளின் பெயர் அமைலேஸ். வெறும் சோற்றை ஒரு நிமிஷம் முழுங்காமல் மென்று பாருங்கள், இனிக்கத் தொடங்கும்.
* சாப்பிட்டபின் வாயில் உண்டாகும் புளிப்பை மாற்றி, பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தருகிறது.
* கிருமிகளை அடக்கி வைக்கிறது, வாய்ப்புண் ஆற உதவுகிறது.

தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும். காலையில் வாய் நாறுவதற்கும், பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் பல் சொத்தையாவதற்கும் இதுதான் காரணம். ராத்திரி படுக்கும் முன் பல் தேய்ப்பது அதனால்தான் முக்கியம்.

சிலருக்கு எந்நேரமும் வாய் காய்ந்தே இருக்கும். சர்க்கரை நோய், சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகள், மனநோய்க்கான சில மாத்திரைகள் வாயைக் காய வைக்கும். கழுத்து, வாய்ப் பகுதியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களுக்குச் சுரப்பியே பாதிக்கப்பட்டிருக்கும். இவர்கள் “சோறு இறங்கல” என்று சொன்னால் அடம் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே இறங்காது. ரசம், மோர், கஞ்சி என்று நனைத்துக் கொடுங்கள், இடையிடையே வாயை ஈரப்படுத்துங்கள். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கவளம் இறங்கும் பாதை

செய்து பாருங்கள்: வாயில் ஒன்றும் இல்லாமல் தொடர்ந்து நான்கு தடவை விழுங்குங்கள். முதல் தடவை சுலபம், இரண்டாவது பரவாயில்லை, நாலாவது வரவே வராது. எச்சில் தீர்ந்துவிட்டது. ஈரம் இல்லாமல் விழுங்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது இரண்டு விரலைத் தொண்டையின் நடுவில் மெதுவாக வைத்து ஒரு தடவை விழுங்குங்கள். உள்ளே கெட்டியாக ஒன்று மேலே ஏறி இறங்குகிறதா? அதுதான் குரல்வளை. இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வையுங்கள், ஊட்டும்போது உதவும்.

விழுங்குவது மூன்று கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம் வாயில். பல் மெல்லுகிறது, எச்சில் குழைக்கிறது, நாக்கு அதை உருண்டையாக்கிப் பின்னால் தள்ளுகிறது. இதுவரை எல்லாம் நம் இஷ்டம். வேண்டாமென்றால் துப்பிவிடலாம்.

இரண்டாம் கட்டம் தொண்டையில். இங்கேதான் ஆபத்தான சந்திப்பு இருக்கிறது. மூக்கிலிருந்து வரும் காற்றும் வாயிலிருந்து வரும் சோறும் தொண்டையில் ஒரே பாதையில்தான் வருகின்றன. அதற்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். சோறு பின்னால் போயாக வேண்டும், முன்னால் போனால் கேடு. அதனால் உருண்டை தொண்டையைத் தொட்டதும் உடம்பு ஒரு வினாடிக்குள் பல வேலைகளைச் செய்கிறது. மூக்குப் பக்கம் வழி அடைபடுகிறது. மூச்சு நின்றுவிடுகிறது. குரல்வளை மேலே ஏறி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. அதன் மேல் ஒரு மூடி கவிழ்கிறது. உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. சோறு வழுக்கிப் போனதும் எல்லாம் பழையபடி திரும்பி, மூச்சு வெளியே வருகிறது. இதற்காக 25 சோடிக்கும் மேற்பட்ட தசைகள் ஒன்றாக வேலை செய்கின்றன. நம் இஷ்டம் இங்கே செல்லாது. தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது.

மூன்றாம் கட்டம் உணவுக்குழாயில். சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் குழாய், பசையைப் பிதுக்குவதுபோல மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கிச் சோற்றை வயிற்றில் சேர்க்கிறது. கெட்டியான கவளத்துக்குச் சுமார் பத்து வினாடி ஆகும்.

பாம்பும் முதலையும் எப்படி விழுங்குகின்றன?

வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பிள்ளைகளோடு நாம் பார்த்திருப்போம். ரோமுலஸ் விட்டேகர் 1976-ல் தொடங்கியது அது. முதலை மெல்லுவதில்லை, கடித்துக் கிழித்து அப்படியே விழுங்கும். அது தண்ணீருக்குள் வாயைத் திறந்தாலும் புரை ஏறுவதில்லை. வாயின் பின்பக்கம் சதையால் ஆன ஒரு தடுப்புக் கதவு தொண்டையை மூடிவிடுகிறது. பாம்பு தன் தலையைவிடப் பெரிய இரையை நிதானமாக விழுங்கும். அவ்வளவு நேரமும் மூச்சுத் திணறாமல் இருக்க, மூச்சுக்குழாயின் வாயை இரைக்குக் கீழே வெளியே நீட்டிக்கொள்ளும். நமக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. நமக்கு இருப்பது மூச்சை நிறுத்திக்கொள்ளும் அந்த ஒரு வினாடிதான். அதனால்தான் பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ விழுங்கினால் ஆபத்து.

முதலைப் பண்ணை வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. நம்மைப் போலவே தனித்தனியாக நின்றவர்கள் ஒன்றுசேர்ந்து உண்டாக்கிய அமைப்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கு முறிவு மருந்து செய்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எச்சில் பாடத்தில் விஷம் எதற்கு என்று கேட்கலாம். பாம்பின் விஷச் சுரப்பி, எச்சில் சுரப்பியைப் போன்ற வாய்ச் சுரப்பியிலிருந்து மாறி வந்ததுதான். இன்னொரு சங்கதி அதைவிட முக்கியம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் இரண்டின் விஷமும் தசைகளைச் செயலிழக்க வைக்கும். முதலில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். அந்த நேரத்தில் பச்சிலைச் சாறு, பால், தண்ணீர் எதை ஊற்றினாலும் நேராக மூச்சுக்குழாய்க்குள் போகும். பாம்பு கடித்தவருக்கு வாய் வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, முறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வலிப்பு வந்தவருக்கும், மயங்கிக் கிடப்பவருக்கும் இதே விதிதான். முகத்தில் தெளிப்பது வேறு, வாயில் ஊற்றுவது வேறு. சோடா, தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

புரை ஏறினால்

சாப்பிடும்போது புரை ஏறினால் “யாரோ நினைக்கிறாங்க” என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் பழக்கம். நினைப்பவர்கள் நினைக்கட்டும். உள்ளே நடப்பது என்னவென்றால், ஒரு பருக்கை மூச்சுக்குழாயின் வாசலைத் தொட்டுவிட்டது, இருமல் அதை வெளியே தள்ளுகிறது. இருமுகிறவரை இருமவிட வேண்டும். இருமல் நிற்பதற்குள் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

இருமவும் முடியாமல், பேசவும் முடியாமல், கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முகம் நீலமானால் பாதை முழுசாக அடைத்துவிட்டது. ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் உடனே செய்ய வேண்டியது:

* பெரியவர்கள், ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகள்: முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே ஒரு கை முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக 5 தடவை அழுத்துங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணியானால் வயிற்றில் அழுத்தாமல் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும்.
* ஒரு வயசுக்குட்பட்ட குழந்தை: முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, முதுகில் 5 தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் மேல் 5 அழுத்து. வயிற்றை அழுத்தக் கூடாது.
* நினைவு தப்பி விழுந்துவிட்டால் தட்டுவதை நிறுத்தி, தரையில் படுக்கவைத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.
* கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும்.

இதைப் படித்தால் மட்டும் வராது. சுகாதார நிலையத்துச் செவிலியரைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

நம் கரையோரத்தில் மீன் முள் சிக்குவதும் அடிக்கடி நடக்கிறது. சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்வோம். சில நேரம் போய்விடும், சில நேரம் முள் இன்னும் ஆழமாகக் குத்தும். வலி நிற்காவிட்டாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. கவலை மீன் போல முள் அதிகமான மீனைச் சின்னப் பிள்ளைக்கும் பார்வை மங்கிய ஆயாவுக்கும் முள் எடுத்துப் பிசைந்தே கொடுங்கள்.

குழந்தைக்கு

பால் குடிக்கும் குழந்தை சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் தாளம் தப்பாமல் செய்கிறது. தாய்ப்பாலில் அந்தத் தாளத்தைக் குழந்தையே வைத்துக்கொள்ளும். நாம் சங்கிலும் பாலாடையிலும் அவசரமாக ஊற்றும்போதுதான் தாளம் தப்புகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் தேவையில்லை. டாக்டர் சொல்லிப் பாலாடையில் கொடுக்க வேண்டியிருந்தால், தலையை உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வாயும் விழுங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள்.

மூக்கைப் பிடித்து, காலால் அமுக்கி, மருந்தை ஊற்றுவது வேண்டவே வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுகிற பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். எண்ணெய் இருமலைக் கிளப்பாமல் நுரையீரலுக்குள் நழுவிவிடும். அதனால் வரும் ஒரு வகை நிமோனியாவை மருத்துவர்கள் நம் பக்கத்துக் குழந்தைகளிடமே பார்த்திருக்கிறார்கள்.

வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை, சட்டைப் பொத்தான் எல்லாம் மூன்று, நான்கு வயசு வரை கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

வயசானவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும்

பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவது சிரமமாகிறது. கை கால் வராததை நாம் பார்க்கிறோம், தொண்டைத் தசை வராதது கண்ணுக்குத் தெரிவதில்லை. சிலருக்குப் புரை ஏறினாலும் இருமலே வராது. ஆகாரம் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போகும். சில நாளில் காய்ச்சல், நிமோனியா.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: சாப்பிடும்போதோ தண்ணீர் குடிக்கும்போதோ இருமல், சாப்பிட்டபின் குரல் கரகரவென்று நீர் கோத்தமாதிரி மாறுவது, வாயோரம் எச்சில் வழிவது, ஒரு பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருப்பது, அடிக்கடி சளிக் காய்ச்சல், காரணம் இல்லாமல் மெலிவது. இவை இருந்தால் டாக்டரிடம் “முழுங்க முடியுதான்னு பாருங்க” என்று நாமே கேட்க வேண்டும். விழுங்கப் பயிற்சி தருகிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள்.

ஊட்டும் முறை:

1. படுக்கவைத்து ஊட்டாதீர்கள். சுவரில் சாய்த்தாவது நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாந்து வாயில் ஊற்றவே கூடாது.
2. நன்றாக விழித்திருக்கும்போது மட்டும் கொடுங்கள்.
3. முதலில் வாயை ஈரப்படுத்துங்கள். சோற்றைக் குழையப் பிசையுங்கள்.
4. சின்னக் கரண்டியில் கொஞ்சமாக. பக்கவாதம் என்றால் நல்ல பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள்.
5. குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்தபின், வாய் காலியானபின் அடுத்த வாய்.
6. வாயில் சோறு இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். டிவியை நிறுத்துங்கள்.
7. வெறும் தண்ணீர் வேகமாக ஓடுவதால் சிலருக்குத் தண்ணீரில்தான் புரை ஏறும். அவர்களுக்கு எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள்.
8. முடித்தபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.
9. காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். பல் இல்லாத வாயையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எச்சில் வழிதவறி உள்ளே போனாலும், கிருமி குறைவாக இருந்தால் கேடும் குறையும்.

இப்படி ஊட்ட அரை மணி நேரம் ஆகும். “எனக்கு ஏது அரை மணி நேரம்? வேலைக்குப் போகணும், தண்ணி பிடிக்கணும்” என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. அதனால்தான் ஊட்டுகிற வேலையைப் பெண் ஒருத்தியின் தலையிலேயே போடக் கூடாது என்கிறோம். மகனும் பேரனும் இதைக் கற்றுக்கொள்ளலாம், கஷ்டமான வித்தை இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்களில் பலர் நம்மைப்போல் குழு உறுப்பினர்கள்தான். படுத்திருப்பவர் உள்ள வீட்டை அவர்களிடம் சொல்லிவைப்போம்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

கடைசியாக நம் மடியில் இருக்கும் சுருக்குப் பையைப் பற்றியும் பேச வேண்டும். பாக்கு மென்றால் எச்சில் நிறைய ஊறும், பசி தெரியாது, வேலையில் அலுப்புத் தெரியாது. அதனால்தான் நம் அம்மாக்கள் மென்றார்கள். ஆனால் பாக்கு வாயின் உள்தோலை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். காரம் பட்டால் எரியும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே அறிவித்துவிட்டது.

செய்து பாருங்கள்: நடுமூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். மூன்றும் போனால் சரி. இரண்டுதான் போகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் நமக்குத் தூரமில்லை. புகையிலையை விட உதவி வேண்டுமென்றால் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யார் வீட்டில் படுக்கையில் இருப்பவர் உண்டு? யார் ஊட்டுகிறார்கள், எந்த நிலையில் வைத்து?
2. எல்லோரும் மூன்று விரல் சோதனை செய்தோமா? விரல் போகாதவர் யார், அவரோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போவது யார்?
3. தொண்டை அடைத்தால் செய்யும் முதலுதவியைக் கற்றுத்தர எந்த மாதம் செவிலியரை அழைக்கலாம்?
4. குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் தெருவில் இன்னும் இருக்கிறதா? பெரியவர்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

முடிவெடுத்தவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்க வராத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டவும். ‘செய்து பாருங்கள்’ என்று வரும் இடங்களில் நிறுத்தி, எல்லோரும் செய்து பார்த்தபின் அடுத்ததற்குப் போகவும்.